வழுக்கைக்கு மருந்தில்லா முறைகள்: ஒப்பீடே உரைகல்

தலைமயிர் உதிர்வதால் எவரும் உயிரிழப்பதில்லை. ஆயினும் அதனால் வருந்துவோரின் தொகை சிறிதன்று. திருமணப் பேச்சு நடக்கும் வேளையில் நெற்றி மேலேறி வருவதைக் கண்டு கவலையுறும் இளைஞன், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வரக் கண்டு கலங்கும் தாய், காசளவு வட்டமாகத் தலைமயிரை இழந்து வகுப்பில் கேலிக்கு ஆளாகும் சிறுவன் ஆகியோர் எல்லா ஊர்களிலும் உள்ளனர். இவர்களை நோக்கியே ஒரு பெரும் வாணிபம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. முன்பு அது எண்ணெயாகவும் தைலமாகவும் புட்டிகளில் வந்தது. இன்று ஒளிக்கதிராகவும், ஊசி உருளையாகவும், நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீராகவும், மின்துடிப்பாகவும் வருகிறது. "இதில் மருந்தே இல்லை, ஆகையால் தீங்கும் இல்லை" என்பது இப்புதிய முறைகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் பரிந்துரை.

இத்தகைய முறைகளைப் பற்றிப் படித்தோரிடையே இரு வேறு மனப்பான்மைகள் காணப்படுகின்றன. விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படும் எதையும் நம்பிவிடுவது ஒன்று. வழுக்கைக்குப் பரிகாரம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டும் சிந்தனையின் உழைப்பை மிச்சப்படுத்துகின்றனவே அன்றி உண்மையைக் காட்டுவதில்லை. மருந்தில்லா முறைகளுள் சிலவற்றுக்கு மெய்யான ஆதாரம் உண்டு. சிலவற்றுக்கு அரைகுறை ஆதாரமே உண்டு. பல இன்னும் சோதனைச்சாலை எலியைத் தாண்டி வரவில்லை. இவற்றைத் தரம் பிரிக்கப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. "எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்ற ஒரே வினா போதும். களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களிடையே பரப்ப வேண்டியது இவ்வினாவையே.

மயிரின் இயல்பு

இவ்வினா ஏன் இத்துணை முக்கியமானது என்பது மயிர் வளரும் விதத்தை அறிந்தால் விளங்கும். மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தோலுள் அமைந்த மயிர்க்காலிலிருந்து எழுகிறது. மயிர்க்கால் ஓயாது உழைப்பதன்று. 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்த்து, பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருக்கிறது. ஓய்வின் முடிவில் பழைய மயிர் உதிர, அதே காலிலிருந்து புதிய மயிர் கிளம்புகிறது. நலமுள்ள தலையில் எந்நேரமும் நூற்றுக்கு 85 முதல் 90 மயிர்கள் வளரும் பருவத்தில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது நோயன்று, இயற்கையின் கணக்கு.

இச்சுழற்சியின் காரணமாக, எவ்விதச் சிகிச்சையுமின்றியே மயிர் மீண்டும் வளரும் சந்தர்ப்பங்கள் பல. டைபாய்டு, மலேரியா, டெங்கு முதலிய கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், பெருந்தொகையான மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வு நிலையை அடைகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொட்டுகிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினின்று மீண்டோர் பலர் இதனை அனுபவித்தனர். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்று மயிர் திரும்பிவிடுகிறது. இடைக்காலத்தில் எந்த எண்ணெய் தேய்த்திருந்தாலும், எந்த ஒளிவிளக்கின் கீழ் அமர்ந்திருந்தாலும், புகழ் அதற்கே போய்ச் சேரும்.

புழுவெட்டின் கதையும் இதுவே. பெயர் அவ்வாறிருப்பினும் இதில் புழு எதுவும் இல்லை. உடலின் பாதுகாப்புப் படையாகிய வெள்ளணுக்கள் மயிர்க்காலையே பகையெனக் கொண்டு தாக்குவதால் வட்ட வட்டமாக மயிர் உதிர்கிறது. சிறு வட்டங்களாகத் தோன்றும் புழுவெட்டுடையோரில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை எச்சிகிச்சையும் இன்றி ஓராண்டுக்குள் மயிரைத் திரும்பப் பெறுகின்றனர். இதன் பொருள் என்ன? நூறு பேருக்கு வெறும் நீரைத் தெளித்து அனுப்புபவருக்குக்கூட ஆண்டு முடிவில் நன்றியுள்ள சாட்சிகள் முப்பதுக்குக் குறையாமல் கிடைப்பார்கள். குணமாகாத எழுபது பேர் வேறு இடம் தேடிச் சென்றுவிடுவதால் அவர்களுடைய சாட்சியம் எவர் காதிலும் விழுவதில்லை.

பருவகாலத்துக்கும் இதில் பங்குண்டு. பிரிட்டனில் நலமுள்ள ஆண்களிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மயிருதிர்வு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் குறைவது காணப்பட்டது. அந்நாட்டில் செப்டம்பரில் ஒரு புதுமுறையைத் தொடங்கும் ஒருவர் டிசம்பரில் உதிர்வு குறைந்ததெனக் கூறினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை இடம் மாற்றிக் கூறுகிறார். எனவே முன்னும் பின்னும் எடுத்த இரு புகைப்படங்கள் எத்துணைத் தெளிவாக இருப்பினும், அவை மாற்றம் நிகழ்ந்ததைக் காட்டுமேயன்றி, மாற்றத்தின் காரணத்தைக் காட்டா.

புடாபெஸ்ட் நகரத்துச் சுண்டெலிகள்

ஒளியால் மயிர் வளரக்கூடும் என்ற எண்ணம் பிறந்த வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. லேசர் என்னும் கூரிய ஒளிக்கதிர் 1960-இல் முதன்முதலாக உண்டாக்கப்பட்டது. அது புற்றுநோயை விளைவிக்குமோ என்ற ஐயம் அக்காலத்தில் எழுந்தது. ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் பணியாற்றிய மருத்துவர் என்ட்ரே மெஸ்டர் 1967-இல் இதனைச் சோதிக்க முற்பட்டார். சுண்டெலிகளின் முதுகை மழித்து, அவற்றை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தின்மேல் மட்டும் குறைந்த ஆற்றலுடைய சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் தோன்றவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளின் முதுகில் மயிர் மற்றவற்றைக் காட்டிலும் விரைந்து வளர்ந்தது.

இக்கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. மழித்த முதுகில் மயிர் வளர்வது எவருக்கும் வியப்பன்று. ஒளி படாத கூட்டம் பக்கத்தில் இல்லாதிருந்தால் மெஸ்டர் கண்டது ஒன்றுமில்லாமற் போயிருக்கும். அதிசயத்தைக் கண்ணுக்குக் காட்டியது லேசர் மட்டுமன்று. ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட எலிகளும்தாம்.

ஒளியும் ஊசியும்

அவ்வெலிகளிடமிருந்து மனிதர் தலைக்கு வர நாற்பது ஆண்டுகள் சென்றன. சிவப்பு லேசர் ஒளியை உமிழும் சீப்பு ஒன்றை ஆண்களுக்கு விற்க அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2007-இல் இசைவு அளித்தது. 2011-இல் பெண்களுக்கும் அளித்தது. இவ்விசைவின் தன்மையை உணர்தல் அவசியம். புதிய மருந்துக்குக் கேட்கப்படும் அத்தனை சான்றும் இதற்குக் கேட்கப்படவில்லை. ஏற்கெனவே சந்தையிலுள்ள கருவிகளோடு பெரிதும் ஒத்தது, ஆபத்து குறைந்தது என்ற அடிப்படையில் அளிக்கப்படும் இசைவு அது. விளம்பரங்களிலோ இவ்வேறுபாடு மறைந்து, "அமெரிக்க அரசு அங்கீகரித்தது" என்ற ஒரு வரி மட்டுமே எஞ்சுகிறது.

எனினும் இச்சீப்பைப் பற்றி நல்ல ஒப்பீட்டு ஆய்வும் நடந்துள்ளது. 2014-இல் வெளியான ஆய்வில் 128 ஆண்களும் 141 பெண்களும் பங்குகொண்டனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்கள் பிரிக்கப்பட்டு, ஒரு சாராருக்கு மெய்யான லேசர்ச் சீப்பும், மறு சாராருக்குப் பார்வைக்கு அதே போன்ற, ஆனால் லேசர் இல்லாத போலிச் சீப்பும் தரப்பட்டன. வாரத்துக்கு மூன்று முறை வீதம் 26 வாரம் உபயோகித்த பின் குறிப்பிட்ட இடத்தில் மயிர்கள் எண்ணப்பட்டன. மெய்ச் சீப்பை உபயோகித்தோருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இருபது மயிர் கூடிற்று. போலிச் சீப்பை உபயோகித்தோருக்கும் சிறிது கூடிற்று. இரண்டுக்குமுள்ள வித்தியாசமே லேசரின் பலன். மொத்தத்தையும் லேசரின் கணக்கில் எழுதுவது தவறு. இவ்வாய்வுக்குப் பணம் உதவியது கருவியைச் செய்த நிறுவனமே என்பதையும், பலன் அளவானதே என்பதையும், முற்றிலும் வழுக்கையான தலைகளில் இது சோதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஊசி முறைக்கு ஆதாரம் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. மும்பை மாநகராட்சி நடத்தும் லோகமான்ய திலகர் மருத்துவக் கல்லூரியில் ரசிதா துராத் என்ற மருத்துவரும் அவர்தம் துணைவரும் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஆண்வழுக்கையுள்ள 100 பேர் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். மினாக்ஸிடில் என்னும் பூச்சு மருந்தை இரு கூட்டத்தாரும் தடவினர். ஒரு கூட்டத்தாருக்கு மட்டும், 1.5 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணூசிகள் பதித்த உருளை வாரம் ஒரு முறை தலையில் உருட்டப்பட்டது. 12 வாரம் கழித்து மயிர்களை எண்ணியவர்கள், யார் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை அறியாதவர்கள். குறித்த இடத்தில் கூடிய மயிர்களின் சராசரி, மருந்து மட்டும் தடவியோருக்கு 22; ஊசியும் சேர்ந்தோருக்கு 91.

வித்தியாசம் பெரிது. ஆயின் இங்கும் எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற வினாவைக் கேட்டாக வேண்டும். இவ்வாய்வு ஊசியையும் ஊசியின்மையையும் தனித்து ஒப்பிடவில்லை. மருந்தோடு ஊசியையும் மருந்தை மட்டும் என்பதையும் ஒப்பிட்டது. ஊசித்துளைகள் வழியே மருந்து மிகுதியாக உட்சென்றதால் பலன் கூடிற்றா, சிறு காயங்களைத் தோல் ஆற்றும்போது எழும் வளர்ச்சித் தூண்டுதலால் கூடிற்றா என்பதை இதனால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆகவே இவ்வாய்வைக் காட்டி, "மருந்தே வேண்டாம், ஊசி போதும்" என்று விற்பது ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

இரத்தமும் தேய்ப்பும்

நோயாளியின் இரத்தத்தைச் சிறிது எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த நீரைப் பிரித்துத் தலைத்தோலில் ஊசிவழிச் செலுத்துவது நகரங்களில் பி.ஆர்.பி. என்ற பெயரால் வழங்குகிறது. தட்டணுக்களில் புண்ணாற்றும் பொருள்கள் இருப்பது உண்மை. இம்முறையைச் சோதிக்க ஒரு நேர்த்தியான வழியும் கையாளப்பட்டுள்ளது. அதே மனிதருடைய தலையின் ஒரு பாதியில் இரத்த நீரையும், மறு பாதியில் உப்புநீரையும் செலுத்தி இரு பாதிகளையும் ஒப்பிடுவதே அது. வயது, உணவு, பருவகாலம் எல்லாம் இரு பாதிக்கும் ஒன்றே ஆதலால் இது சிறந்த ஒப்பீடு. இத்தகைய ஆய்வுகளுள் சில பலனைக் காட்டின, சில காட்டவில்லை. ஒவ்வோரிடத்திலும் இரத்தத்தைச் சுழற்றும் வேகமும், நேரமும், கிடைக்கும் தட்டணுக்களின் செறிவும் வேறுபடுகின்றன. ஒரே பெயர் தாங்கிய பல சிகிச்சைகள் இவை என்றே கொள்ளவேண்டும். அளவு நிலைப்படாத ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் மட்டும் நிலைப்பட்டுவிட்டது.

செலவே இல்லாத முறையாகிய தலை தேய்ப்பை எடுத்துக்கொண்டால், ஜப்பானில் 2016-இல் வெளியான ஆய்வொன்றில் நலமுள்ள 9 ஆண்களுக்கு நாள்தோறும் 4 நிமிடம் வீதம் 24 வாரம் தலைத்தோல் பிசைந்துவிடப்பட்டது. மயிரின் கனம் 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 மில்லிமீட்டராக உயர்ந்தது. எண்ணெய் தேய்த்து முழுகும் பழக்கமுள்ள நாட்டில் இச்செய்தி மகிழ்ச்சி தரலாம். ஆனால் ஒன்பது பேரைக் கொண்டு ஒரு நாட்டுக்கு விதி வகுக்க இயலாது. அவர்களுள் எவரும் வழுக்கைக்குச் சிகிச்சை பெற வந்தவருமல்லர். தேய்ப்பதால் கேடில்லை, சுகம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

எலியும் மனிதனும்

செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் வியப்பூட்டும் செய்திகள் பெரும்பாலும் எலிகளைப் பற்றியவை. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், சுண்டெலியின் தோலில் உண்டாக்கிய பெரிய காயம் ஆறும்போது அதன் நடுவில் முற்றிலும் புதிய மயிர்க்கால்கள் தோன்றுவதை 2007-இல் காட்டினர். வளர்ந்த பாலூட்டியின் தோலில் புதிய மயிர்க்கால் பிறவாது என்ற பழங்கொள்கையை இது அசைத்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2015-இல், எலியின் முதுகில் 200 மயிர்களைக் குறிப்பிட்ட நெருக்கத்தில் பிடுங்கியபோது, சுற்றிலுமுள்ள மயிர்க்கால்களும் விழித்து 1,200 வரை மயிர் எழுவதைக் கண்டனர். நெருக்கம் குறைவாகப் பிடுங்கியபோது அவ்விளைவு இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2019-இல், உடலின் அசைவிலிருந்தே மின்துடிப்பை உண்டாக்கும் மெல்லிய பட்டையைப் பொருத்தி எலிகளில் மயிர் வளர்ச்சியைத் தூண்டினர்.

இவை யாவும் சிறந்த ஆராய்ச்சிகள். ஆனால் எலியின் மயிர் வளர்வது மனித மயிர் போலன்று. எலியின் முதுகில் மயிர்க்கால்கள் ஒருங்கே உறங்கி ஒருங்கே விழிக்கின்றன. வளர்ச்சி அலை அலையாகப் பரவுகிறது. மனிதத் தலையிலோ ஒவ்வொரு மயிர்க்காலும் பெரும்பாலும் தன் போக்கில் இயங்குகிறது. எலியில் ஒரு தூண்டுதல் உறங்கும் கால்களைச் சில நாள் முன்னதாக எழுப்பினாலே முதுகு முழுவதும் கருத்துவிடும். ஆண்வழுக்கையோ உறக்கம் கலையாத நோயன்று. ஆண்மைச் சுரப்பின் தூண்டுதலின்றி அது தோன்றாது என்பதை ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1942-லேயே நிறுவினார். அச்சுரப்பிலிருந்து பிறக்கும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் பொருளால், பரம்பரையில் அதற்கு வசப்பட்ட மயிர்க்கால்கள் சுற்றுக்குச் சுற்று சிறுத்து, கடைசியில் பூனைமயிரை மட்டுமே தருகின்றன. வழுக்கைத் தோலிலும் மயிரை ஆக்கும் மூல உயிரணுக்கள் அழியாமல் இருப்பதையும், அவற்றிலிருந்து பிறக்க வேண்டிய அடுத்த நிலை உயிரணுக்களே குன்றியிருப்பதையும் 2011-இல் மனிதரிடம் செய்த ஆய்வு காட்டிற்று. நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதே இதன் பொருள். நாளையே மயிர் வளரும் என்பது இதன் பொருளன்று.

எலிகளைப் பற்றிய செய்தியைப் படித்துத் தன் தலைமயிரைப் பிடுங்கிப் பார்ப்பவர் உள்ள மயிரையும் இழப்பார். திரும்பத் திரும்ப இழுக்கப்படும் மயிர்க்கால் நாளடைவில் பட்டுப்போகும் என்பது, இறுகப் பின்னிய சடையால் நெற்றியோரம் மயிரிழக்கும் சிறுமிகளிடம் கண்கூடாகக் காணப்படுவது.

இடம் மாறியும் குணம் மாறாத மயிர்

ஒப்பீட்டின் சோதனையில் தேறி நிலைத்துவிட்ட மருந்தில்லா முறை ஒன்று உண்டு; அது மயிர்க்கால்களை இடம்பெயர்த்து நடுவது. ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒக்குடா 1939-இல் சிறு வட்டங்களாகத் தோலை வெட்டி நட்டு மயிர் வளர்த்தார். போரின் குழப்பத்தில் அவர் எழுதியது வெளியுலகை எட்டவில்லை. நியூயார்க் நகரத்து நார்மன் ஓரென்ட்ரைச் 1959-இல் இத்துறையின் அடிப்படை உண்மையை வெளியிட்டார். அவர் மயிருள்ள பின்தலைத் தோலை வழுக்கையான முன்தலைக்கு மாற்றியதோடு நிற்கவில்லை. வழுக்கைத் தோலை மயிருள்ள இடத்துக்கும், மயிருள்ள தோலை மயிருள்ள இடத்துக்கும், வழுக்கைத் தோலை வழுக்கை இடத்துக்கும் மாற்றிப் பார்த்தார். பின்தலைத் தோல் எங்கு நட்டாலும் மயிர் தந்தது. வழுக்கைத் தோல் எங்கு வைத்தாலும் வழுக்கையாகவே இருந்தது. கோளாறு இடத்தில் இல்லை, மயிர்க்காலிலேயே உள்ளது என்பது இந்நான்கு வகை ஒப்பீட்டால் ஐயமற விளங்கிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அம்முடிவு அசையவில்லை.

இம்முறையும் புதிய மயிரைப் படைப்பதில்லை, உள்ளதைப் பங்கிடுகிறது. பங்கிடுதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்கவே, மயிர்க்காலின் அடியிலுள்ள காம்புத் திசுவின் உயிரணுக்களை வெளியே பெருக்கி மீண்டும் தோலில் வைக்கும் முயற்சி நடைபெறுகிறது. பிரிட்டனின் டர்ஹாம், அமெரிக்காவின் கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகத்தார் 2013-இல், அவ்வுயிரணுக்களைத் தொங்கும் நீர்த்துளிகளில் உருண்டையாகத் திரளவிட்டு, எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில் வைத்தனர். ஏழு சோதனைகளுள் ஐந்தில் மயிர் உருவாயிற்று. இது மருத்துவமனைக்கு வந்து சேர இன்னும் நெடுவழி உள்ளது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"வருந்துபவர் ஏதோ ஒன்றைச் செய்து ஆறுதலடையட்டுமே, ஒப்பீடு, போலிச் சிகிச்சை என்றெல்லாம் அவரைக் காக்க வைப்பது கொடுமையன்றோ?" என்று கேட்போர் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோயில் இக்கேள்வி கடினமானது. மயிருதிர்விலோ இது எளிது. ஆறு மாதம் போலிச் சீப்பை உபயோகித்த ஆண்வழுக்கையர் உயிருக்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. ஆய்வு முடிந்த பின் மெய்ச் சிகிச்சையைப் பெறலாம். எண்ணுவதற்கு எளிய பொருள், ஒப்பிடுவதற்கு ஒரே தலையில் இரு பாதிகள், காத்திருப்பதில் ஆபத்தின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கோளாறு வேறு எளிதில் கிடைக்காது. இத்தனை வசதியிருந்தும் ஒப்பீடின்றி விற்கப்படும் முறைக்கு மன்னிப்பு இல்லை.

இதில் பொது நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. ஊசி உருளை, தலை தேய்ப்பு முதலியவற்றை ஆராய்ந்து பெருலாபம் அடைய எந்த நிறுவனத்தாலும் இயலாது. ஆகவே அவர்கள் ஆராய மாட்டார்கள். மாநகராட்சிக் கல்லூரி ஒன்று நூறு பேரைக் கொண்டு உலகம் எடுத்தாளும் ஆய்வைச் செய்ய முடிந்ததெனில், நாட்டின் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளாலும் முடியும். பெரிய கட்டடமோ விலையுயர்ந்த யந்திரமோ இதற்கு வேண்டுவதில்லை. ஒழுங்காகப் பிரித்த இரு கூட்டங்களும், பொறுமையும், பலனில்லை என்று தெரிந்தாலும் அதை மறையாது வெளியிடும் நேர்மையும் வேண்டும்.

சட்டமும் சந்தையும்

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் "ஜே" அட்டவணை, எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ உரிமை கொண்டாடக் கூடாத நிலைகளைப் பட்டியலிடுகிறது. வழுக்கையும், புதிய மயிர் வளர்ச்சியும் அப்பட்டியலில் உள்ளன. மருத்துவக் கருவிகள் யாவும் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் அழகு நிலையத்தில் செய்யப்படும் ஒரு செயல்முறை புட்டியிலோ பெட்டியிலோ வருவதன்று. ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்க்க அதில் இடமில்லை. வாங்குபவரின் அறிவே அங்கே முதற் காவல்.

அக்காவலுக்கு உதவும் சாதனம் ஒன்று எவருக்கும் இலவசமாகத் திறந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் நிறுவிய மருத்துவச் சோதனைப் பதிவகமே அது. நாட்டில் நடக்கும் சோதனைகள் எவரைக் கொண்டு, எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேரிடம் நடத்தப்படுகின்றன என்பது அதில் பதியப்படுகிறது. புதிய சோதனைச் சிகிச்சை என்று கூறிக் கட்டணம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மயிருதிர்வென்று வருவோரிடம் முதலில் ஆராய வேண்டியது காரணம். மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலோ பிள்ளைப்பேறோ உண்டா, இரத்தசோகையின் அறிகுறி உண்டா, தைராய்டுக் கோளாறு உண்டா என்று கேட்டறிந்து மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தோல் செதிலாக உதிர்ந்து, மயிர் ஒடிந்து, சொறியும் வட்டத்துடன் பள்ளிக்கு வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் பூஞ்சையால் உண்டாகும் தலைப்படையே இருக்கும். அது மேற்பூச்சால் மட்டும் போகாது. மருத்துவர் தரும் உள்மருந்தைச் சில வாரம் உண்ண வேண்டும். கவனியாது விட்டால் புண்ணாகித் தழும்பு விழுந்து, அவ்விடத்தில் மயிர் என்றுமே முளையாமற் போகலாம். தழும்பை விளைவிக்கும் வேறு தோல்நோய்களும் உள்ளன. இவர்கள் ஒளியையும் ஊசியையும் நம்பிக் கழிக்கும் மாதங்கள் திரும்பப் பெற முடியாதவை. "தீங்கில்லை" என்ற பரிந்துரையின் பொய்ம்மை இங்கேதான் வெளிப்படுகிறது.

ஊசி உருளை பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். ஒருவர் தலையில் உருட்டிய உருளையை மற்றொருவர் தலையில் உருட்டுவது, கல்லீரலைத் தாக்கும் பி, சி வகை மஞ்சட்காமாலைக் கிருமிகளையும் எய்ட்ஸ் கிருமியையும் பரப்பக்கூடும். ஆவியில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ இவ்வபாயத்தை நீக்கிவிட்டதாகக் கருதலாகாது. குடும்பத்தினருக்குள்ளும் இதைப் பொதுவாக உபயோகித்தல் கூடாது.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் ஒரு பாடமாகவே நடத்தலாம். மயிர் வளர்க்கும் விளம்பரம் ஒன்றை மாணவர் முன் வைத்து நான்கு வினாக்களை எழுப்பலாம். ஒன்றும் செய்யாதிருந்தோருக்கு என்ன ஆயிற்று? இரு கூட்டத்தாரையும் பிரித்தவர் யார், எம்முறையில்? மயிரை எண்ணியவருக்கு யார் எக்கூட்டம் என்பது தெரியுமா? சோதனை நடந்தது மனிதரிடமா, எலியிடமா? பதினான்கு வயது மாணவர் எவரும் இவ்வினாக்களைப் புரிந்துகொள்வர். அவர்கள் வளர்ந்த பின் எருவையோ, விதையையோ, மருந்தையோ வாங்கும்போதும் இவ்வினாக்கள் பயன்படும்.

அதே வகுப்பில் புழுவெட்டுள்ள சிறுவன் ஒருவன் இருப்பின், இது தொற்றாது, புழுவால் வருவதன்று, பலருக்குத் தானே மறைவது என்பதை மற்ற மாணவர் அறிய அன்போடு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை. தொப்பி அணிந்து வர அவனுக்கு இசைவளிக்கலாம். பரிகாரம் தேடிக் கடைகளுக்கு அலையும் பெற்றோரை அழைத்து அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்கு வழிகாட்டலாம். ஒளியைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் அவர்கள் கேட்டால், இதுவரை ஒப்பிட்டுக் கண்டது இவ்வளவே என்று கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவேண்டும்.